இரண்டாவது பாக்கெட்

பாளையங்கோட்டையில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியறையில், குரு ஒருத்தி ஃபின்னிஷ் மொழி சொல்லிக்கொடுத்தாள். குருவுக்கு வயது முப்பது. சிஷ்யைக்கு நாற்பத்து மூன்று.

குருவின் பெயர் வதனி. ஃபின்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். சிஷ்யையின் பெயர் சலேத்மேரி. ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ்.

குரு சிஷ்யையை 'சிஸ்டர்' என்பாள். சிஷ்யை குருவை 'மிஸ்' என்பாள். வயதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள இருவருக்கும் நேரமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை சலேத்மேரி படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"வாசிங்க மிஸ். சத்தமா வாசிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

வதனி வாசித்தாள். இங்கிலீஷில் இரண்டே வரி. கேர், போதாது. இன்னும் ஒரு முறை முயலலாம்.

"யாருக்குப் போதாது? எனக்கா?"

வகுப்பில் பத்து நர்ஸுகள் இருந்தார்கள். எல்லாரும் நோட்டுக்குள் குனிந்துகொண்டார்கள்.

செய்முறைத் தேர்வு போன வாரம் நடந்திருந்தது. ஃபின்லாந்திலிருந்து முதியோர் இல்லத்துக்காரர்கள் கம்ப்யூட்டர் திரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். காலையில் எழுந்த ஒரு முதியவரை உடுத்தித் தயார்ப்படுத்த வேண்டும். அவ்வளவுதான் தேர்வு. முதியவராக நடித்தவள் பேச்சியம்மாள். வகுப்பிலேயே சின்னவள். இருபத்து நான்கு வயது.

"நாப்பது செகண்டு மிஸ்! சட்டை போட்டேன், பட்டன் மாட்டினேன், ரெண்டு கால்லயும் சாக்ஸ் ஏத்தினேன், தலைய வேற சீவி விட்டேன். பேச்சி மூச்சு விடுததுக்குள்ள முடிச்சேன்."

"மூச்சு விடவே விடல மிஸ்," என்றாள் பேச்சியம்மாள், பெஞ்சிலிருந்து.

"நீ சும்மா இருட்டி. கேர் போதாதாம்! ஐசியூல ரெண்டு பேர் வேலைய ஒருத்தியா பாத்தவ நான். என் வார்டுல ஒருத்தருக்குப் படுக்கைப்புண் வந்தது கிடையாது. இவங்க எங்கயோ பனியில உக்காந்துகிட்டு எனக்குப் போதாதுன்னு எழுதுதாங்க. எந்த கேர் போதாது? அதயாவது சொல்லணும்லா?"

"அதத்தான் சொல்லாம விட்டுட்டாங்க," என்றாள் வதனி. "இது மொழிபெயர்த்து அனுப்பினவங்க போட்ட சொல். அங்க அப்படி ஒரு சொல் கிடையாது."

"பின்ன?"

வதனி கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதினாள்.

"ஹொய்த்தோ. மருந்து கொடுக்கிறது, கட்டுப் போடுறது, குளிப்பாட்டுறது எல்லாம் இது. ஹுவோலி. மனசுக்குள்ள கிடந்து அரிக்குமே, அது. வரோவஸ்தி. கீழ போடாம, கொட்டாம, பாத்துச் செய்யறது. கடைசி, வேலித்தே. ஒரு ஆள் நமக்கு முக்கியம்னு இருக்கிறது."

சலேத்மேரி தன் நோட்டைத் திறந்தாள். எல்லாருடைய நோட்டிலும் இருப்பதுபோல அதிலும் மூன்று பத்தி. இடது பக்கம் தமிழ், நடுவில் இங்கிலீஷ், வலது பக்கம் ஃபின்னிஷ். நடுவில் 'கேர்' என்று இருந்தது. அதற்கு எதிரே முன்பே எழுதிவைத்த அந்த நான்கு சொற்களும் ஒரே கட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு கிடந்தன.

"இங்கிலீஷ்காரன் ஒண்ணுல முடிச்சிட்டான். இவங்க எதுக்கு நாலா பிச்சு வச்சிருக்காங்க?"

"தமிழ்ல எத்தனை, சிஸ்டர்?"

சலேத்மேரி விரல் மடக்கினாள். "பண்டுவம். கவலை. கவனம். அக்கறை."

மடக்கிய விரல்களைப் பார்த்தாள். நான்கு. கையைச் சட்டென்று கீழே இறக்கிக்கொண்டாள்.

"சரி, இருக்கட்டும். அதுக்கென்ன? இதுல எது போதாதுன்னு சொல்லுதாங்க?"

"அந்த நாற்பது செகண்ட்ல நீங்க எதைச் செஞ்சீங்க?"

"நாலும்."

வதனி கரும்பலகையை அழித்தாள்.

"சரி," என்றாள்.

இந்த 'சரி' சலேத்மேரிக்கு அந்தக் காகிதத்தைவிட அதிகமாக எரிந்தது.

எரிய நியாயம் இருந்தது. அவள் பாஸ்போர்ட்டை இரண்டு முறை புதுப்பித்திருக்கிறாள். ஒன்றிலும் ஒரு முத்திரை விழவில்லை. இருபத்தோரு வயதில் குவைத்துக்கு ஆள் எடுத்தார்கள். கல்யாணம் முடிவாகிவிட்டது என்று வீட்டில் நிறுத்தினார்கள். முப்பதில் அயர்லாந்து, ஏழு மாதக் கர்ப்பம்; அந்தப் பிள்ளை இப்போது ஹாஸ்டலில் படிக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் துபாய். டிக்கெட்டுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் புருஷன் லூர்துக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. இந்த ஃபின்லாந்து வேலைக்கு நாற்பத்து நான்கு ஆனவர்களை எடுப்பதில்லை. அடுத்த மாதம், ஜூன் பதினான்கில், அவளுக்கு நாற்பத்து நான்கு. மறுதேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

மறுநாள் வகுப்பில் சலேத்மேரி எழுந்து நின்று ஃபின்னிஷில் தன்னை அறிமுகம் செய்தாள்.

"மினே ஓலென்..." என்றாள். 'நான் ஒரு' என்று அர்த்தம். அடுத்த சொல்லைத் தேடி நெற்றியைச் சுருக்கினாள்.

"சைரான்ஹொய்தாயா," என்று வதனி முடித்துவைத்தாள். நர்ஸ்.

"அதான் மிஸ், அதத்தான் சொல்ல வந்தேன்." சலேத்மேரி தொடர்ந்தாள். "மினே அசுன்..." நான் வசிப்பது.

"பாளையங்கோட்டையில," என்றாள் வதனி.

"ஊர் பேரு எனக்குத் தெரியும் மிஸ்."

வதனி புன்னகைத்தாள்.

அன்று முழுக்க அப்படியே. சலேத்மேரி வாயைத் திறந்தால் பாதியில் வதனி முடித்தாள். இடைவேளையில் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்து வைத்தாள். மூடியைக் கழற்றினாள். டீயை ஊதி ஆற்றிக் கொடுத்தாள். சலேத்மேரி பேனாவைத் தேடினால், அதற்குள் வதனியே அவளுடைய நோட்டில் எழுதியிருந்தாள்.

புதன்கிழமையும் அப்படித்தான்.

"என்ன மிஸ்ஸுக்கு உங்க மேல திடீர்னு இவ்வளவு பாசம்?" என்று பேச்சியம்மாள் காதோரம் கேட்டாள்.

"பாசமா? மனுசிக்கு மண்ட காயுது."

வியாழக்கிழமை, கடையில் ரொட்டி வாங்குவது பற்றிப் பேச வேண்டும். சலேத்மேரி வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒன்பது வாக்கியம் பழகி வந்திருந்தாள். முதல் வாக்கியத்தின் இரண்டாவது சொல்லில் வதனி உள்ளே புகுந்தாள். மூன்றாவது வாக்கியத்தில் மறுபடி. நான்காவதில் சலேத்மேரி நோட்டை மேஜைமேல் அறைந்தாள்.

"போதும் மிஸ்! வாயத் திறந்தா வார்த்தையப் பிடுங்குதீங்க. எனக்கு என்ன வாய் இல்லியா? எனக்கு வரும்! கொஞ்சம் நேரமாகும், ஆனா வரும்!"

கீழே இன்ஸ்டிட்யூட்டில் யாரோ ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வதனி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். குர்தாவின் இரண்டு பாக்கெட்டிலும் இரண்டு கையையும் விட்டுக்கொண்டாள். காத்திருந்தாள்.

சலேத்மேரி பேசத் தொடங்கினாள். தடுக்கினாள். நின்றாள். ஒரு சொல்லுக்காக முழு நிமிடம் கூரையைப் பார்த்தாள். வதனியின் பாக்கெட்டுகள் இரண்டும் புடைத்துக்கொண்டு இருந்தன. உள்ளே விரல்கள் மடங்கி நிமிர்வது துணிக்கு மேலேயே தெரிந்தது.

ஒன்பது வாக்கியமும் வந்தன.

வகுப்பு கலைந்தபின் சலேத்மேரி மட்டும் போகவில்லை.

"இது என்ன மிஸ், கை பாக்கெட்ல?"

"அங்க எனக்கு முதல் வாரம் கத்துக்கொடுத்தது. ஒரு தாத்தா, தொண்ணூறு வயசு. நான் குனிஞ்சு சாக்ஸ் போட்டுவிடப் போனேன். வார்டு அம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சு என் கோட்டு பாக்கெட்லயே போட்டுட்டாங்க. அவர் சாக்ஸை அவர் போடட்டும். நீ பக்கத்துல நில்லுன்னாங்க. அங்க எல்லாரும் அப்படித்தான் வேலை பாக்குறாங்க."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"அரை மணி நேரம். ஒரு சாக்ஸுக்கு."

"கைய பாக்கெட்ல போட்டுகிட்டு நிக்கதுக்கு நர்ஸ் எதுக்கு மிஸ்? படிச்சு, பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி? ஒரு தூண் போதும்லா. சும்மா நிக்கும். சம்பளமும் கேக்காது."

வதனி டஸ்டரை எடுத்து ஜன்னலில் தட்டினாள்.

"சரி, நான் கேக்குதேன். அவரு விழுந்துட்டா?"

"பிடிங்க."

"விழுததுக்கு முன்னாடி?"

"அதுதான் சிஸ்டர் கஷ்டம்."

சலேத்மேரி பஸ்ஸில் போகும்போது அந்த வாக்கியம் மறுபடி வந்தது. தூண் வாக்கியம் இல்லை. அவளே கத்திய வாக்கியம். கொஞ்சம் நேரமாகும், ஆனா வரும். சமாதானபுரம் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது: அது அவளுடைய வாக்கியமே இல்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், லூர்து வலது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு சொன்னது. "கொஞ்சம் நேரமாகும் மேரி. ஆனா வரும்." கஞ்சி பாதி சட்டையில் கொட்டியிருந்தது. அவளுக்கு டூட்டிக்கு நேரமாகியிருந்தது. ஸ்பூனை வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவன் அதைச் சொல்லவே இல்லை.

லூர்து பேக்கரியில் மக்ரூன் போட்டவன். தூத்துக்குடிக்காரன். முட்டை வெள்ளைக்கருவை அடித்து அடித்தே வலது தோள் இடதைவிட ஒரு சுற்று பெருத்திருந்தது. பக்கவாதம் வந்தபோது டாக்டர், "கையில உயிர் பாதி இருக்கு. வேலை கொடுத்தா மீதி வரும்," என்றார். வேலை எதையும் சலேத்மேரி மீதி வைக்கவில்லை. குளிப்பாட்டினாள், துவட்டினாள், உடுத்தினாள், ஊட்டினாள். ஆறு மணிக்கெல்லாம் மனிதர் பவுடர் போட்டுத் தலை சீவி நாற்காலியில் இருப்பார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவளைப் புகழ்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் சட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். இரண்டு எட்டு தள்ளி நின்றாள்.

"ஏளா, என்ன?"

"போடுங்க."

"நானா?" லூர்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என்ன கோவம்? நேத்து குழம்புல புளி கூடன்னு சொன்னதுக்கா?"

"கோவம் எல்லாம் இல்ல. சட்டைய நீங்களே போடுங்க."

"கைய எங்க வச்சிருக்க?"

"பாக்கெட்ல."

"ஒரு கை தான உள்ள இருக்கு?"

அவள் போட்டிருந்தது கறுப்புப் பூப்போட்ட நைட்டி. அதில் வலது பக்கம் மட்டும்தான் பாக்கெட். உள்ளே வேளாங்கண்ணியில் வாங்கிய ஜெபமாலை. கறுப்புச் சாயம் ஏற்றிய மரமணி. வலது கை அதைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்தது. இடது கைக்குப் போக்கிடம் இல்லை. லூர்து முதல் பட்டனோடு மல்லுக்கட்டி, அதைத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நழுவவிட்டு, மறுபடி கொண்டுவந்தபோது, அந்த இடது கை தானாகப் பறந்து போய் பட்டனை மாட்டிவிட்டுத் திரும்பியது. அவளுக்கே தெரியவில்லை.

"இது யாரு கை?" என்றான் லூர்து.

சலேத்மேரி வலது கையால் இடது கையை ஓர் அடி அடித்தாள்.

அன்று மதியம் பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்து நைட்டிக்கு இடது பக்கம் இரண்டாவது பாக்கெட் தைத்தாள். ரோஸ் நிறத்தில், கிளி போட்டது.

மறுநாள் இரண்டு கையும் உள்ளே இருந்தன.

அவள் கடிகாரம் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது என்று தெரியும். ஜெபமாலையின் மணிகளை உருட்டினாள், மணிக்கு ஒரு ஜெபம். முதல் பட்டனுக்குப் பதினான்கு அருள் நிறைந்த மரியே. இரண்டாவதுக்குப் பதினொன்று. மூன்றாவது பட்டனை அவன் நான்காவது துளையில் மாட்டினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவனே பார்த்தான். கழற்றினான். சட்டை முடிந்தபோது ஐம்பத்து மூன்று மணியும் ஒரு சுற்று முடிந்து மறுசுற்றில் ஏழு போயிருந்தது.

"ஒரு சட்டைக்கு ஒரு முழு ஜெபமாலை," என்றான் லூர்து, வியர்த்துப்போய். "வேட்டி கட்டினா ஒம்பது நாள் நவநாளே முடிஞ்சிரும்."

அவள் சிரித்தாள். நெடுநாளைக்கப்புறம்.

ஞாயிறு ஐம்பது மணி. திங்கள் நாற்பத்தாறு. செவ்வாய்க்கிழமை விரல் ஒத்துழைக்கவில்லை. முதல் பட்டனிலேயே முப்பது மணி ஓடிவிட்டது. லூர்து சட்டையை உருவித் தரையில் எறிந்தான்.

"போதும்ளா. உனக்கு ஃபின்லாந்து போணும். பரீட்சை பாஸாகணும். அதுக்கு என்ன வச்சு ஒத்திகை பாக்க. அப்படித்தான?"

பாக்கெட்டுக்குள் கை இரண்டும் துடித்தன. குனிந்து சட்டையை எடுக்க ஒரு நொடி போதும். போட்டுவிட நாற்பது செகண்ட். அவன் சமாதானமாகிவிடுவான். இட்லியும் ஊட்டிவிட்டால் மறந்தேவிடுவான்.

"ஆமா," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"போணும். இருபத்தோரு வயசுலேர்ந்து போணும். யாராவது ஒருத்தர் குறுக்க விழுந்துகிட்டே இருக்கீங்க. நீங்க வேணும்னு விழல, தெரியும். ஆனா போணும்னா போணும்தான். அத நான் ஏன் மறைக்கணும்?"

லூர்து தரையில் கிடந்த சட்டையைப் பார்த்தான்.

"நீ போயிட்டா," என்றான் லூர்து மெதுவாக, "இந்தப் பட்டனுக்கு யாரு?"

"நீங்க."

"ஒரு வருசம் கழிச்சு என்னயும் கூப்பிட்டுக்குவியா?"

"வந்து இறங்கும்போது சட்டை போட்டிருந்தா கூப்பிட்டுக்குவேன்."

லூர்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு நாற்காலியிலிருந்து சாய்ந்து வலது கையை நீட்டினான். இடதை அல்ல. விரல்கள் சட்டைக் காலரைத் தொட்டன, நழுவின, தொட்டன. பற்றிக்கொண்டன.

அன்று எத்தனை மணி என்று அவள் எண்ண மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை மறுதேர்வு.

சலேத்மேரி வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். அதற்கு இரண்டு பக்கமும் பாக்கெட் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் தூலா என்றார். பதினைந்து நிமிடம் என்றார். பேச்சியம்மாள் நாற்காலியில் கிழவியாக உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ். வதனி சுவரோரம் நின்றாள்.

சலேத்மேரி காலை வணக்கம் சொன்னாள். சாக்ஸை எடுத்துக் கிழவியின் கையில் கொடுத்தாள். இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டாள்.

பேச்சியம்மாள் அன்று ஒரு பிடிவாதக்காரக் கிழவி. சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். தலைகீழாகப் பிடித்தாள். முடியாது என்று ஃபின்னிஷில் முனகினாள்.

அவசரம் இல்லை, என்றாள் சலேத்மேரி, ஃபின்னிஷில்.

நான்கு நிமிடம் போனது. கிழவி ஒரு காலைத் தூக்கினாள். விரல் நுனியில் சாக்ஸ் மாட்டியது. குனிந்தாள். இன்னும் குனிந்தாள். நாற்காலியின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியது.

சலேத்மேரியின் வலது கை மணிக்கட்டு வரை வெளியே வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த வகுப்பு மொத்தமும் மூச்சை நிறுத்தியது. கிழவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி கீழே இறங்கியது. வெளியே வந்த கை அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே போனது.

பதினைந்து நிமிடம் முடிந்தபோது ஒரு காலில் சாக்ஸ் குதிகால் தாண்டி ஏறியிருந்தது. இன்னொரு கால் வெறுங்கால்.

திரையில் தூலா அம்மாள் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தார். இழுத்த மூச்சிலேயே ஏதோ ஒரு சத்தம் வந்தது. பிறகு திரை அணைந்தது.

"போச்சு," என்றாள் சலேத்மேரி. "மூச்சே நின்னு போச்சு அந்த அம்மாவுக்கு. பாத்தீங்களா? ஒரு சாக்ஸ். பதினஞ்சு நிமிசத்துல ஒரே ஒரு சாக்ஸ்! நாப்பது செகண்டுல ரெண்டும் போட்டவ நான்." பேச்சியம்மாள் பக்கம் திரும்பினாள். "நீ அந்த ரெண்டாவதயும் போட்டுத் தொலைச்சா என்னட்டி?"

"கிழவிக்குக் குறுக்கு வலிக்குதுக்கா," என்றாள் பேச்சியம்மாள்.

சலேத்மேரி பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கை கறுப்பாக இருந்தது. துடைத்தாள். போகவில்லை.

"அங்க ஆமான்னு சொல்றவங்க சில பேர் மூச்சை உள்ள இழுத்துத்தான் சொல்வாங்க," என்றாள் வதனி.

"சும்மா ஆறுதல் சொல்லாதீங்க மிஸ்."

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வதனியின் போனில் செய்தி வந்தது. அவள் சலேத்மேரிக்குப் போன் செய்தாள். மறுமுனையில் வார்டு சத்தம் கேட்டது.

"சிஸ்டர், பாஸ்."

ஏதோ உலோகத் தட்டு தரையில் விழுந்து உருளும் சத்தம். பிறகு யாரோ, "அக்கா, ஏன் அழுதீங்க?" என்று கேட்பது. பிறகு சலேத்மேரியின் குரல், தூரத்தில்: "அழல. சும்மா இரு. சந்தோசம்."

மதியம் டூட்டி முடிந்ததும் பேக்கரிக்குப் போய்விட்டு, சாயங்காலம் கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். ஒரு அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"மக்ரூன். அவரு போட்டது. போன்ல விசயத்தச் சொன்னதும் பேக்கரிக்குப் போயிட்டாரு. அவரே சட்டை போட்டுகிட்டு. முட்டை அடிச்சது வலது கை. கை ஓஞ்சா இடது. நான் பக்கத்துல போகல. வாசல்ல நின்னேன்."

வதனி பெட்டியைத் திறந்தாள். மக்ரூன் என்றால் கூராக, கூம்பாக நிற்க வேண்டும். இவை ஒன்றும் நிற்கவில்லை. ஒன்று வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒன்று படுத்தேவிட்டது. அவள் படுத்திருந்ததை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லா இருக்கா?"

வதனி வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

சலேத்மேரி பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மூன்று பத்தியில் நடுப் பத்தியை அவள் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள். இடது பக்கம் நான்கு சொல், வலது பக்கம் நான்கு சொல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

"ஒரு கேள்வி மிஸ். கேட்டுட்டுப் போயிருதேன். அப்புறம் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"நீங்களா?"

"சரி, பண்ணுவேன். இத மட்டும் சொல்லுங்க. மொத தடவ எல்லாம் செஞ்சேன், போதாதுன்னாங்க. ரெண்டாவது தடவ ஒண்ணுமே செய்யல, பாஸ்னு போட்டாங்க. இதுல என்ன நியாயம்? இந்த நாலுல எதுக்கு மார்க் போட்டாங்க? மருந்து கொடுத்தேனா, கட்டுப் போட்டேனா? பதினஞ்சு நிமிசமும் நான் தூண் மாதிரில்லா நின்னேன்."

வதனி கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டாள். சலேத்மேரியின் கோட்டைப் பார்த்தாள். வலது பாக்கெட்டில், வெள்ளைத் துணியில், உள்ளிருந்து ஊறி வந்த கறுப்புக் கறை, ஒரு கை மூடிய அளவுக்குப் படர்ந்திருந்தது.

சலேத்மேரி குனிந்து தானும் பார்த்தாள்.

"அதுவா? சனிக்கிழமை வந்தது. ஜெபமாலைச் சாயம். ரெண்டு தடவ துவைச்சிட்டேன், போவேனாங்கு."

"தூணுக்கு வேர்க்காது, சிஸ்டர்," என்றாள் வதனி.